விலை குறைந்த ஆர்கானிக் ஒயின்: முதல் மதிப்பெண் வறண்ட காற்றுக்கு

ஆர்கானிக் ஒயின் என்றாலே விலை எகிறும் என்ற நினைப்பு பாதிதான் சரி. தோட்டம் எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள். கோடையில் மழை எட்டிப் பார்க்காத, காற்று ஓயாத இடத்தில் திராட்சைக்குப் பூஞ்சாண நோய் குறைவு. மருந்து, டீசல், ஆள்கூலி மூன்றும் மிச்சம். ஸ்பெயினின் ஹுமீயா, லா மான்சா, இத்தாலியின் சிசிலி, தெற்கு பிரான்ஸின் லாங்கடாக், சிலியின் பள்ளத்தாக்குகள் ஆகியவற்றிலிருந்து கையைக் கடிக்காத பாட்டில்கள் வருவது இதனால்தான்.

ஈரமான ஊர்த் தோட்டத்துக்கு எமன் அடிச்சாம்பல் நோய். ஆர்கானிக் முறையில் செயற்கை ரசாயனப் பூஞ்சாணக்கொல்லிக்கு இடமில்லை என்பதால் போர்டோ கலவையைத்தான் நம்ப வேண்டும். 1 சதக் கலவைக்கு 100 லிட்டர் தண்ணீர், 1 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு. இரண்டையும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. உலோகப் பாத்திரம் ஆகாது. தீட்டிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் செம்பு படிகிறதா? சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம். அப்படியே அடித்தால் இலை கருகும்.

இப்போது கணக்கு. 1 கிலோ துத்தத்தில் தாமிரம் சுமார் 250 கிராம். ஹெக்டேருக்கு 500 லிட்டர் கலவை அடித்தால் ஒரு தடவைக்கு 1.25 கிலோ தாமிரம் இறங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்போ 7 ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ, அதாவது சராசரியாக ஆண்டுக்கு 4. மூன்று தடவையிலேயே ஓர் ஆண்டின் பங்கு காலி. ஒரு கனமழை வந்தால் அடித்ததும் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் மழைப்பகுதிக்காரர்கள் அளவைக் குறைத்துப் பல தடவை அடிக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் டிராக்டர் ஓட வேண்டும். தாமிரம் மண்ணிலேயே தங்கி மண்புழுவைப் பாதிக்கும். ஆர்கானிக் முத்திரை இருப்பதாலேயே மண் நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சொலாரிஸ், ரீஜென்ட் போன்ற நோய் தாங்கும் ரகங்களுக்கு மருந்து மிகக் குறைவு. பெயர் பழக்கமில்லாததால் கடையில் கவனிப்பார் இல்லாமல் கிடக்கின்றன.

இதிலிருந்து வேறான சாம்பல் நோய்க்குக் கந்தகம். வெயில் 30 டிகிரியைத் தாண்டும் நாளில் தூவினால் இலையும் காயும் வேகும். குலைப்புழு அந்துப்பூச்சிக்கு இனக்கவர்ச்சிக் குழல்கள், ஹெக்டேருக்கு 500 வரை. பெண் அந்தின் வாசனையைப் பரப்பி, ஆணைக் குழப்பி, இணைசேர விடாமல் செய்பவை இவை. சின்னத் தோட்டத்தில் இது எடுபடாது. இணைசேர்ந்த பெண் அந்து பக்கத்துத் தோட்டத்திலிருந்து பறந்து வந்து முட்டையிட்டுவிடும்.

லேபிளுக்கு வருவோம். ஐரோப்பாவில் 2012 அறுவடை முதல்தான் 'ஆர்கானிக் ஒயின்' என்றே போட அனுமதி. அதற்கு முன் 'ஆர்கானிக் திராட்சையில் செய்தது' மட்டும். ஒயின் கெடாமலிருக்கச் சேர்ப்பது சல்பைட். இனிப்பில்லாத சிவப்புக்கு அதன் உச்சம் லிட்டருக்கு 100 மி.கி., வெள்ளைக்கு 150. சாதாரண ஒயினில் 150, 200. அமெரிக்காவில் 'ஆர்கானிக்' என்றால் சல்பைட் சேர்க்கவே கூடாது. ஆகவே ஒரே சொல், இரண்டு பொருள். பிரான்ஸின் 'எச்.வி.இ.' (உயர் சுற்றுச்சூழல் மதிப்பு) முத்திரையை ஆர்கானிக் என்று எண்ணி ஏமாற வேண்டாம். அதில் ரசாயன மருந்துக்கும் இடமுண்டு.

எதை வாங்கலாம்? சிவப்பில் ஹுமீயாவின் 'ஹொனோரோ வேரா' ஆர்கானிக் மொனாஸ்ட்ரெல் (திராட்சை ரகத்தின் பெயர்): கருத்த பழச்சுவை, காரமான உணவுக்கும் ஈடுகொடுக்கும். வெள்ளையில் சிலியின் எமிலியானா தயாரிக்கும் 'அடோபே' சோவின்யோன் பிளாங்க். எலுமிச்சைத் தோல் வாசனை, சுத்தமான புளிப்பு. சிலியின் இன்னொரு நிறுவனமான கோனோ சூரின் தோட்டத்தில் வண்டு பிடிக்கப் பெருவாத்து (கூஸ்) கூட்டத்தையே இறக்கிவிடுகிறார்கள், பார்க்க அழகுதான். ஆனால் அவர்களுடைய எல்லா ஒயினும் ஆர்கானிக் அல்ல. லேபிளில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

சல்பைட் சேர்க்காத மலிவு வெள்ளையில் எனக்கு நம்பிக்கை குறைவு. வெப்பத்தில் கிடந்தால் நிறம் பழுப்பேறி, வெட்டிவைத்த ஆப்பிள் வாடை வரும். வாங்கினால் புதிய அறுவடை ஆண்டாகப் பார்த்து வாங்கிக் குளிர்ச்சியில் வையுங்கள். திருகு மூடியைத் திறந்ததும் தீக்குச்சி வாடை அடித்தால் கொட்ட வேண்டாம். அகன்ற ஜாடியில் ஊற்றிச் சுழற்றிக் கால் மணி நேரம் விட்டால் பெரும்பாலும் போய்விடும்.

பாட்டிலையும் கையில் தூக்கிப் பாருங்கள். காலி பாட்டிலே 400 கிராமிலிருந்து 900 கிராம் வரை போகிறது. ஒயினின் கார்பன் கணக்கில் பெரிய பங்கு அந்தக் கண்ணாடிக்குத்தான். தினசரிக் குடிக்கு, அட்டைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பையில் வரும் 3 லிட்டர் பெட்டி ஒயினே மேல். உள்ளே பை சுருங்கிக்கொண்டே வருவதால் காற்று அதிகம் புகாது, திறந்த பின் நான்கு வாரம் தாங்கும். நிரப்பிய தேதியைப் பெட்டியில் தேடிப் பாருங்கள். ஓராண்டு தாண்டியிருந்தால் வேண்டாம், பிளாஸ்டிக் பை கண்ணாடி அளவுக்குக் காற்றைத் தடுக்காது.