மேற்குக் கண்ணாடி ஓரத்தில் நாலு வருடம்

டெல்லியை ஒட்டிய குருகிராமில் எங்கள் அலுவலகம் இருக்கும் கட்டடத்தில் ஒரு தளம் காலியாகிறது. வாடகையும் இறங்கியிருக்கிறது. எடுக்கலாமா என்று கரோல்பாக் தோழி கேட்டாள். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, மீதி இது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். லிஃப்டுக்குக் காத்திருந்ததே இல்லை. கரண்ட் போனால் விளக்கு ஒருமுறை சிமிட்டும், அவ்வளவுதான். நவம்பரில் டெல்லி முழுக்கப் புகை மண்டும்போது உள்ளே வடிகட்டிய காற்று வரும்; தொண்டை எரியாமல் வேலை பார்க்கலாம். அது சின்ன விஷயமே இல்லை.

ஆனால் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. என் இடம் அந்த ஓரத்தில், ஆறாவது மாடி. ஏப்ரல் பிறந்தால் மூன்றரை மணிக்கு வெயில் மேஜைக்கு வந்துவிடும். முதலில் கீபோர்டு, அப்புறம் கை, நாலு மணிக்கு மானிட்டர். எக்செல்லில் எண்கள் வெளுத்துப்போய் எட்டா மூன்றா என்றே தெரியாது. கூரியர் பெட்டி அட்டையை வெட்டி மானிட்டருக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன். மேஜையில் வைத்த எவர்சில்வர் டம்ளர் கையைச் சுடும். சரி என்று ஜன்னல் திரையை இறக்கினால் இருட்டு, விளக்கைப் போடுவோம். வெளிச்சம் வரட்டும் என்று வைத்த கண்ணாடிக்குப் பின்னால் பட்டப்பகலில் விளக்கு!

திரையால் சூடும் பெரிதாகக் குறையாது. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் திரையில் பட்டு, திரை சூடாகி, அந்தச் சூட்டில் பெரும்பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடும். ஏசியைக் கூட்டினால் நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள் ஸ்வெட்டரைத் தேடுவார்கள். காலையிலும் நிம்மதி இல்லை. சாலைக்கு அப்பால் இருப்பதும் கண்ணாடிக் கட்டடம்தான், கிழக்கு வெயில் அதில் பட்டுத் திரும்பி எங்கள் கண்ணில் அடிக்கும்.

இதற்கு முன் எட்டு வருடம் டெல்லி லோதி ரோட்டில், பல அலுவலகங்கள் சேர்ந்திருக்கும் இந்தியா ஹேபிடட் சென்டர் வளாகத்தில் இருந்தேன். கட்டடக் கலைஞர் ஜோசப் ஆலன் ஸ்டீன் வடிவமைத்தது, 1993-ல் வந்தது. செங்கல் பிளாக்குகள், அவற்றுக்கு நடுவே முற்றங்கள், முற்றங்களுக்கு மேலே நல்ல உயரத்தில் நீல நிறத் தகடுகள். டெல்லியில் ஜூன் நடுப்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 85 டிகிரியில், உச்சந்தலைக்கு மேல் நிற்கும். டிசம்பரில் 38 டிகிரிதான். அந்த வித்தியாசத்தைக் கணக்குப் பண்ணிச் சாய்த்த தகடுகள் கோடை வெயிலை மறிக்கும், குளிர்கால வெயிலைக் கீழே விடும். மே மாதம் ரோட்டிலிருந்து முற்றத்துக்குள் நுழைந்ததுமே சுருங்கிய கண் தானாக விரியும். ஜனவரியில் அதே இடத்தில் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடிப்போம். வெயில் சுவரைத் தொடுவதற்கு முன்பே அதைத் தடுத்துவிட வேண்டும் என்று ஒரு மனிதர் யோசித்திருக்கிறார். அதை நினைத்து நான் எத்தனை நாள் நன்றியோடு மேலே பார்த்திருக்கிறேன்!

அங்கேயும் குறை உண்டு. எந்த மூலையும் ஒரே மாதிரி இருக்கும். புதிதாக வந்தவர்களைக் கூட்டிவர நானே பலமுறை இறங்கிப் போயிருக்கிறேன். நவம்பர் புகை முற்றத்துக்குள்ளும் வரும், அதில் நடந்துதான் அடுத்த பிளாக்குக்குப் போகவேண்டும்.

கண்ணாடிமேல் எனக்குப் பகை இல்லை. கன்னாட் பிளேஸில் சார்லஸ் கொரியா வடிவமைத்த ஜீவன் பாரதி கட்டடத்திலும்தான் கண்ணாடி இருக்கிறது, செம்மணற்கல்லோடு சேர்ந்து பார்க்கவே அழகு. சிக்கல் மேற்குப் பக்கத்தில்தான். மாலையில் மேற்கு வெயில் தாழ்வாக வரும், மேலே சன்ஷேடு நீட்டினாலும் அடியில் புகுந்துவிடும். பக்கவாட்டில் வெளியே நிற்கிற மறைப்பு வேண்டும். எங்கள் கட்டடத்தில் அது ஒன்றுகூட இல்லை.

போன மாதம் பழுது பார்க்கிறோம் என்று கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டினார்கள். சூடு கொஞ்சம் குறைந்தது, உண்மை. ஆனால் இப்போது வானம் காலையிலிருந்தே சாம்பல் நிறம். மழை வருகிறதா என்று பார்க்கக்கூட லிஃப்டில் இறங்கவேண்டியிருக்கிறது.

காற்று, கரண்ட், லிஃப்ட் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் எங்கள் கட்டடம்தான் ஜெயிக்கும். இருந்தாலும் தோழிக்கு என் பதில், வேண்டாம். பார்த்தே ஆகவேண்டும் என்றால் புரோக்கர் கூப்பிடுகிற காலை பதினொரு மணிக்குப் போகாதே. நாலு மணிக்குப் போய், திரையை ஏற்றச் சொல்லி, மேற்கு ஓரத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்.