அடிக்கடி வெளியூர் போற அப்பாக்களுக்கு வீடியோ கால் ஸ்க்ரீன் வாங்கலாமா? (5க்கு 3.5)

வேலை விஷயமா மாசத்துல பாதி நாள் பெட்டியும் கையுமா சுத்துற ஆளா நீங்க, வீட்ல சின்ன பிள்ளைங்க வேற இருக்காங்களா, அப்போ படிங்க. மத்தவங்களுக்கு இந்த சாமான் பெருசா பிரயோஜனப்படாது, பாட்டு போடுறதுக்கும் மணி பாக்குறதுக்கும் இவ்ளோ பெரிய ஸ்க்ரீன் தேவையே இல்ல.

நான் சொல்றது டேபிள் மேல நிக்கிற, கேமரா வச்ச ஸ்மார்ட் டிஸ்ப்ளே. அமேசான் எக்கோ ஷோ 2017ல வந்துச்சு, ஃபேஸ்புக் போர்ட்டல் 2018, கூகுள் நெஸ்ட் ஹப் மேக்ஸ் 2019. இதுல போர்ட்டல் தான் குடும்பத்துக்குன்னே யோசிச்சு பண்ணது, கதை சொல்றதுக்குன்னு தனியா ஒரு வசதியே இருந்துச்சு, ஆனா 2022ல அதை கைவிட்டுட்டாங்க. எங்க வீட்ல இருக்கறது இந்த மூணும் இல்ல, வேற ஒண்ணு. குறை நிறைய சொல்லப்போறதால பேர் வேணாம், இந்த வகை சாமான் எல்லாத்துக்கும் பொதுவா பொருந்துறத தான் எழுதுறேன்.

முதல்ல, போன் இருக்கும்போது இது எதுக்கு? போன்ல கால் பண்ணி பாருங்க தெரியும். ரெண்டு ரெண்டரை வயசு பையன் கைல போனை குடுத்தா முதல் அரை நிமிஷம் அவன் மூக்கு ஓட்டை தெரியும், அப்புறம் ஃபேன் தெரியும், அப்புறம் அவன் ஓட ஆரம்பிச்சா நமக்கு தலை சுத்தும், கடைசியா அந்த சிவப்பு பட்டனை அமுக்கிடுவான். திரும்ப கால் பண்ணா அம்மா எடுத்து "இருங்க இருங்க" சொல்லி அவன் பின்னாடியே போனை தூக்கிட்டு ஓடணும். இதுல பேச்சு எங்க நடக்கும். டேபிள் ஸ்க்ரீன்ல இந்த பிரச்சனை கிட்டத்தட்ட தீருது, யாரும் எதையும் பிடிச்சுக்க வேணாம், பையன் வருவான் போவான், கால் பாட்டுக்கு கால் ஓடும்.

ஆனா எங்க வைக்கிறோம்ங்கறது ரொம்ப முக்கியம். எல்லாரும் பெரியவங்க நின்னு பேசுற உயரத்துல கிச்சன் மேடை மேல வைக்கிறாங்க, பிள்ளைங்க தரைல விளையாடுறாங்க, வெளியூர்ல இருக்கறவனுக்கு தெரியறது பையனோட உச்சி முடி மட்டும். ஹால்ல முட்டி உயரத்துக்கு ஒரு ஸ்டூல் போட்டு வச்சதுக்கு அப்புறம் தான் இது உருப்படியா வேலை செஞ்சுச்சு. ஒயரை மட்டும் சுவத்தோரமா டேப் போட்டு ஒட்டிடுங்க.

ஆள் எங்க போனாலும் கேமரா பின்னாடியே போகும்னு விளம்பரத்துல காட்டுவாங்கல்ல, அது உண்மை தான், போகுது, ஆனா யார் பின்னாடி போகணும்னு அதுக்கு தெரியல. மனைவி துணி எடுத்துட்டு குறுக்க நடந்தா போதும், கேமரா அவங்கள பிடிச்சுக்கிட்டு போயிடும், பையன் இந்தப்பக்கம் "அப்பா இதப்பாரு இதப்பாரு"ன்னு கத்திக்கிட்டு இருப்பான். அதை ஆஃப் பண்ணிட்டு அகல வியூல விட்டுட்டேன், முகம் சின்னதா தெரியும் தான், பரவால்ல, ரூமே தெரியுதே.

அடுத்தது சத்தம். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல பேசினா ஒரு பக்கத்தை இது அமுக்கிடுது, எக்கோ வராம இருக்க அப்படி பண்றாங்க. பிள்ளைங்க எப்பவும் நம்ம பேசும்போது தானே பேசுவாங்க. அதுக்கு மேல தாமதம் வேற, பேச்சு சகஜமா இருக்கணும்னா ஒரு பக்கத்துக்கு 150 மில்லிசெகண்டுக்குள்ள இருக்கணும்னு ஐடியூ (சர்வதேச தொலைத்தொடர்பு அமைப்பு) தரம் சொல்லுது, தூரம் அதிகமாகி ஹோட்டல் வைஃபையும் சேர்ந்தா அதை தாண்டிடும். பேச்சுக்கு சமாளிச்சுக்கலாம், ஆனா சேர்ந்து பாட்டு பாடறது நடக்கவே நடக்காது, ட்ரை பண்ணி பையனை கடுப்பேத்தாதீங்க. ஒருத்தர் ஒரு வரி, அடுத்தவர் அடுத்த வரின்னு மாத்தி மாத்தி பாடுங்க, அது நல்லா போகும். கண்ணாமூச்சியும் சூப்பரா போகும், அவன் கர்ட்டனுக்கு பின்னாடி போய் நிப்பான், கால் வெளிய தெரியும், நான் இங்க இருந்து "எங்க காணோமே, கதவுக்கு பின்னாடி இருக்கானா, சோஃபாக்கு அடில இருக்கானா"ன்னு தேடணும். தாமதம் அதுல ஒரு பிரச்சனையே இல்ல.

ஒரு தடவை சின்ன கார் ஒண்ணை எனக்கு குடுக்கணும்னு ஸ்க்ரீன் மேலயே வச்சு அழுத்திட்டு இருந்தான். எனக்கு தெரிஞ்சது முழு இருட்டு, அப்புறம் ஒரு சக்கரம். கை எடுத்ததும் கார் ஸ்டூலுக்கு பின்னாடி விழுந்துடுச்சு, அவனை பொறுத்த வரைக்கும் அப்பா வாங்கிட்டார். நான் சட்டுனு கையை மூடி வச்சுக்கிட்டு "வந்துருச்சுடா"ன்னு சொல்லிட்டேன், இப்போ தினமும் ஏதாவது ஒண்ணு அந்த பக்கம் "அனுப்பறான்". ஸ்டூலுக்கு பின்னாடி கூட்டறப்ப என்னென்ன கிடைக்குதுன்னு வீட்ல இருக்கறவங்கள கேட்டா தான் தெரியும்.

சரி, இந்த ரிவ்யூல முக்கியமானது மனைவி சொன்ன கருத்து, ஏன்னா சாமான் இருக்கறது அவங்க பக்கம். வாங்கின புதுசுல அவங்க சொன்னது: "ஏங்க, நீங்க கால் பண்ணா எனக்கு ஒரு வேலை குறையணும், கூடக்கூடாது." எனக்கு இப்போ இது தான் அளவுகோல். பையனை உக்கார வை, அந்த ட்ராயிங்க காட்ட சொல்லு, லைட்ட போடு, ஏன் பேச மாட்டேங்கறா கூப்பிடுன்னு நம்ம இங்க இருந்து ஆர்டர் போட்டா அது அவங்களுக்கு ஓவர்டைம். அதே ஸ்க்ரீன்ல, அவங்க குளிக்க போற இருபது நிமிஷம் நான் பையன்கிட்ட கதை படிச்சுட்டு இருந்தா அது உண்மையான உதவி (பெரிய பொண்ணு பக்கத்துல இருக்கணும், சின்ன பிள்ளையை ஸ்க்ரீனை நம்பி மட்டும் தனியா விட்டுட்டு போகக்கூடாது, அதை சொல்லிடறேன்). கதை புக் ரெண்டு காப்பி வாங்குங்க, ஒண்ணு பெட்டில, ஒண்ணு வீட்ல. கேமரால பக்கத்தை காட்டுனா வெளிச்சம் பட்டு பளபளன்னு ஒண்ணும் தெரியாது, அவன் கைல அதே புக் இருந்தா அவனே திருப்பிக்குவான், நம்மள விட வேகமா.

பெரியவளுக்கு எட்டு வயசு, அவளுக்கு இது வேற மாதிரி வேலை செய்யுது. "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு" கேட்டா "ஒண்ணும் இல்ல." "யாரு கூட விளையாடுன" கேட்டா "எல்லார் கூடவும்." போன்ல இதுக்கு மேல போகவே போகாது, ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கறது அவளுக்கும் கஷ்டம் எனக்கும் கஷ்டம். ஸ்க்ரீன்ல நாங்க இப்போ பேசுறதே இல்ல. அவ ஹோம்வொர்க் எழுதுவா, நான் ரூம்ல எக்ஸ்பென்ஸ் பில் எல்லாம் ஏத்திக்கிட்டு இருப்பேன், கால் மட்டும் ஓடும். பென்சில் சத்தம் கேக்கும், நடுவுல "அப்பா, இருக்கியா"ன்னு தலையை தூக்காமலே கேப்பா, "ம், இருக்கேன்", அவ்ளோதான். ஒரு முக்கால் மணி நேரம் கழிச்சு ரப்பர் தேடிக்கிட்டே அவளா ஆரம்பிப்பா, பக்கத்து சீட் பொண்ணு தன்கிட்ட பேசுறதில்லன்னு. கேள்வி கேட்டு வாங்கவே முடியாத விஷயம் இது. இந்த ஒரு உபயோகத்துக்காகவே நான் மூணரை போட்டிருக்கேன், இல்லனா ரெண்டு தான்.

மெசேஜ் ரெக்கார்ட் பண்ணி விட்டுட்டு போற வசதியை கம்பெனிக்காரங்க பெருசா விக்கிறாங்க. பெரிய பிள்ளைங்களுக்கு ஓகே. சின்னதுக்கு பிரயோஜனம் கம்மி, இது என் அபிப்ராயம் மட்டும் இல்ல. 2014ல சைல்ட் டெவலப்மென்ட் ஜர்னல்ல ரோஸ்பெரி, ஹிர்ஷ்-பாசெக், கோலிங்கோஃப் மூணு பேரும் வெளியிட்ட ஆய்வுல, 24ல இருந்து 30 மாச பிள்ளைங்க நேர்ல சொல்லிக்குடுத்த புது வார்த்தையையும் லைவ் வீடியோ கால்ல சொல்லிக்குடுத்ததையும் கத்துக்கிட்டாங்க, முன்னாடியே எடுத்து வச்ச வீடியோல இருந்து கத்துக்கல. அந்தப்பக்கம் இருக்கறவங்க தனக்கு பதில் சொல்றாங்களாங்கறது தான் அந்த வயசுக்கு விஷயமே. அமெரிக்க குழந்தை மருத்துவர் சங்கம் 2016ல 18 மாசத்துக்கு கீழ ஸ்க்ரீனே வேணாம்னு சொன்னப்ப கூட வீடியோ காலை மட்டும் விட்டுக்குடுத்தாங்க. அதனால "பாப்பாக்கு ஸ்க்ரீன் காட்டறியா"ன்னு யாராவது கேட்டா இதுக்கு மட்டும் குற்ற உணர்ச்சி தேவையில்ல.

நம்ம கால் பண்ணதும் அந்தப்பக்கம் யாரும் எடுக்காமலே கனெக்ட் ஆகற செட்டிங் சில மாடல்ல இருக்கு. எக்கோ ஷோல ட்ராப் இன்னு பேரு, முதல் சில செகண்ட் படம் மங்கலா தான் தெரியும், வீட்ல இருக்கறவங்க அதுக்குள்ள சுதாரிச்சுக்கலாம். வசதி தான், ஆனா வீட்ல இருக்கறவங்க கிட்ட கேக்காம ஆன் பண்ணாதீங்க. எங்க வீட்ல அது ஆஃப். விருந்தாளி வந்திருப்பாங்க, சண்டை நடந்துக்கிட்டு இருக்கும், நைட்டியோட இருப்பாங்க, திடீர்னு புருஷன் மூஞ்சி ஹால்ல தோணினா யாருக்கு பிடிக்கும்.

நெட் விஷயம் சுருக்கமா. 720பி (எச்டி படம்) காலுக்கு செகண்டுக்கு 1.2 மெகாபிட் நெட் வேகம் போதும்னு ஜூம் கணக்கு, இந்த ஸ்க்ரீனுக்கும் சுமாரா அதே தான். ஆனா உங்களுக்கு வீட்டு படம் தெளிவா தெரியணும்னா வீட்டோட அப்லோட் ஸ்பீட பாருங்க, டவுன்லோட மட்டும் பாத்து ஏமாந்துடாதீங்க. ஹோட்டல் வைஃபைல இழுத்துச்சுன்னா சண்டை போடாம மொபைல் டேட்டாக்கு மாறிடுங்க. அப்புறம் டைம் ஸோன், அமெரிக்கால கோடை நேரம் மார்ச் ரெண்டாவது ஞாயிறு மாறுது, ஐரோப்பால மார்ச் கடைசி ஞாயிறு, நடுவுல ரெண்டு மூணு வாரம் அந்த ரெண்டு இடத்துக்கும் இடையில வழக்கமான கணக்கு ஒரு மணி நேரம் தப்பும். பிள்ளைக்கு தினம் தூங்கறதுக்கு முன்னாடி அப்பா வருவார்னு பழக்கம் பண்ணிட்டு அந்த ரெண்டு வாரம் அவன் தூங்கினதுக்கு அப்புறம் போய் நின்னா அந்த நாளு போச்சு. ஆபீஸ் காலண்டர்ல அந்த அரை மணி நேரத்தை மீட்டிங் மாதிரியே பிளாக் பண்ணிடுங்க, காரணம் எழுத வேண்டியதில்ல.

இது என்ன பண்ணாதுன்னும் சொல்லணும்ல. திரும்பி வந்த அன்னைக்கு பையன் ஓடி வந்து கட்டிப்பான்னு நினைச்சா, தினமும் ஸ்க்ரீன்ல பாத்த அதே பையன் அம்மா கால பிடிச்சுக்கிட்டு ஒளிஞ்சு நிப்பான். சாயங்காலம் வரைக்கும் வெயிட் பண்ணணும், தரைல உக்காந்துக்கணும், அவனா வருவான். காய்ச்சல்ல இருக்கற பிள்ளைக்கும் இது சுத்தமா உதவாது, அந்த ராத்திரி ஒரு ஆள் தான் முழிச்சிருக்காங்க, அது நான் இல்ல. எத்தனை இன்ச் ஸ்க்ரீன் வாங்கினாலும் அப்படித்தான், அந்த மாதிரி நாள்ல ட்ரிப்ப கேன்சல் பண்ண முடியுமான்னு மேனேஜர கேக்கறது தான் வழி, நான் கேட்டிருக்கேன், சில சமயம் கிடைக்கும்.

வாங்கறதா இருந்தா ரெண்டு விஷயம் மட்டும் பாருங்க. கேமராவை மூட கையால தள்ளற மூடி இருக்கணும், சாஃப்ட்வேர் பட்டன் மட்டும் இருந்தா வேணாம். உங்க போன்ல ஏற்கனவே இருக்கற ஆப்லயே கால் போகணும், புதுசா தனி அக்கவுண்ட் கேக்குதுன்னா ரெண்டு மாசத்துல யாரும் தொட மாட்டாங்க. மாசம் ஒரு ராத்திரி மட்டும் வெளிய தங்கறவங்க வாங்க வேணாம், பழைய டேப்லெட் ஒண்ணு இருந்தா ஸ்டாண்ட்ல வச்சு ஹால்ல விடுங்க, எண்பது சதவீதம் இதே தான்.