2,30,000 கி.மீ. ஓடிய காருக்கு ஆயில் மாற்றம்: ஒரே பணிமனை, இரண்டு விதமான கைவேலை

இருபது ஆண்டுப் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றுக்கு, ஓட்டம் 2,30,000 கி.மீ.யைத் தாண்டிய நிலையில், எஞ்சின் ஆயிலையும் கியர்பாக்ஸ் ஆயிலையும் ஒரே பணிமனையில் மாற்றிக்கொண்டேன். கியர்பாக்ஸ் வேலையை அவர்கள் செய்த விதத்துக்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் தருவேன். எஞ்சின் ஆயில் மாற்றிய விதத்துக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. கடினமான வேலையில் காட்டிய கவனத்தை எளிய வேலையில் கோட்டைவிட்ட அந்தப் பணிமனையின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படப்போவது அந்தப் பெயரல்ல, அங்கே நடந்த வேலைதான்.

காரை நான் இரண்டாவது கையாகத்தான் வாங்கினேன். எஞ்சின் ஆயில் மாற்றிய ரசீதுகள் ஒழுங்காக இருந்தன. கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கைக் கியர்பாக்ஸிலிருந்து உருவி வெள்ளைக் காகிதத்தில் தொட்டுப் பார்த்தபோது, புதிதாக இருக்கையில் மாதுளை முத்தின் நிறத்தில் இருக்க வேண்டிய ஆயில், துருப்பிடித்த நீரைப் போலப் பழுப்பாகப் பரவியது. கருகிய வாடை மட்டும் இல்லை. காலையில் வண்டியை எடுத்தவுடன் இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஒரு சிறு உதைப்பு இருந்தது. சூடேறிய பிறகு அதுவும் மறைந்துவிடும். கியர் வழுக்குதல், அதாவது எஞ்சின் சுற்று ஏறியும் வண்டி வேகம் எடுக்காமல் இருப்பது, ஒருமுறைகூட நேர்ந்ததில்லை.

இந்தக் கடைசிச் செய்திதான் முடிவைத் தீர்மானித்தது. அதிகம் ஓடிய ஆட்டோமேட்டிக்கில் ஆயிலைத் தொடவே கூடாது, தொட்டால் கியர்பாக்ஸ் போய்விடும் என்ற எச்சரிக்கையைக் கேட்காத பழைய கார்க்காரர் இருக்க மாட்டார். அதில் பாதி உண்மை இருக்கிறது. கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பூச்சு தேய்ந்து, அந்தத் தூள் ஆயிலில் கலந்து, அந்தக் கலவையின் பிடிப்பிலேயே வண்டி ஓடிக்கொண்டிருந்தால், சுத்தமான ஆயில் ஊற்றியதும் வழுக்கல் வெளிப்படலாம். ஆனால் பெரும்பாலோர் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஆயிலை மாற்ற ஓடுகிறார்கள். ஏற்கெனவே சாகக் கிடந்த கியர்பாக்ஸின் பழி புது ஆயிலின் தலையில் விழுகிறது. ஆயிலைத் தொடவிடாத இன்னொரு நம்பிக்கையும் உண்டு: உள்ளே இருக்கும் ஆயில் ஆயுள் முழுவதற்கும் போதும் என்று கார் விற்பவர்கள் சொல்வது. பல கார் நிறுவனங்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே தன் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. செய்தவர் சொல்லை விடவா விற்றவர் சொல்லை நம்புவது?

பணிமனையில் முதலில் எனக்குச் சொல்லப்பட்டது இயந்திரம் பொருத்தி மொத்த ஆயிலையும் ஒரேயடியாக மாற்றும் முறை. அதைச் சொன்னவர் முன்மேசையில் இருந்தவர். வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த மூத்த மெக்கானிக் தலையசைத்து மறுத்துவிட்டார். "மெஷின் போட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும் சார். ஆனா இத்தனை நாள் மாத்தாத பாக்ஸுக்கு நான் போட மாட்டேன். மூணு தடவை வாங்க, கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கலாம்" என்றார். இயந்திர முறை எல்லா வண்டிக்கும் கெடுதல் என்று நான் சொல்ல மாட்டேன். ஒழுங்காகப் பராமரித்த வண்டிக்கு அது நல்ல முறைதான். பல ஆண்டுகளாக அடியில் படிந்த கசடு திடீரென்று கிளம்பி, கியர் மாற ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு பாடியின் நுண்ணிய வழிகளில் போய் அடைத்துக்கொள்ளும் என்ற அச்சம் என்னுடையதைப் போன்ற வண்டிகளுக்குத்தான் பொருந்தும். தனக்கு வருமானம் கூடுதலாகத் தரும் வேலையை வேண்டாமென்று சொன்ன அந்த மனிதரிடம் வண்டியை நம்பி விட்டேன்.

ஆட்டோமேட்டிக்கில் அடி போல்ட்டைத் திறந்தால் பாதி ஆயில்கூட இறங்காது. மிச்சம், எஞ்சினின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரிலும் குளிர்விப்பான் குழாய்களிலும் தங்கிவிடும். என் கியர்பாக்ஸின் மொத்தக் கொள்ளளவு 8 லிட்டர். இறங்கியது ஏறக்குறைய 3.2 லிட்டர், அதாவது நூற்றுக்கு நாற்பது. இப்படி ஒருமுறை மாற்றினால் 40 விழுக்காடு புது ஆயில், இரண்டாம் முறை 64, மூன்றாம் முறை 78. நான்காவது முறையில் கிடைக்கக்கூடிய கூடுதல் பயன் மிகக் குறைவு என்பதால் மூன்றோடு நிறுத்திக்கொண்டோம். ஒவ்வொரு முறைக்கும் இடையில் சுமார் 500 கி.மீ. ஓட்டினேன்.

முதல் முறை மட்டும் அடித்தட்டையே கழற்றி, உள்ளிருந்த பில்டரையும், கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டையும் மாற்றினார். தட்டில் ஒட்டியிருந்த இரண்டு காந்தங்களின் மேல் சாம்பல் நிறத்தில் பசை போன்ற ஒன்று மெத்தென்று படிந்திருந்தது. அதை விரலில் எடுத்து என் கையில் தேய்த்துக் காட்டினார். கண்ணுக்கு மை தீட்டியது போல வழவழப்பாக இருந்தது, நெருடவில்லை. அது இயல்பான தேய்மானம். ஊசி போலவோ செதில் போலவோ துண்டுகள் அகப்பட்டிருந்தால் ஆயில் மாற்றத்தை அத்தோடு நிறுத்திவிட்டு வேறு பேச்சு பேச வேண்டியிருக்கும். காந்தத்தைத் துடைக்க நூல் பிரியும் பஞ்சுத் துணியை அவர் பயன்படுத்தவில்லை என்பதையும் கவனித்தேன். ஒரு நூலிழை போதும், வால்வு சிக்கிக்கொள்ள.

அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அளவெடுக்கும் பழக்கம். இறங்கிய ஆயிலைக் கோடு போட்ட குடுவையில் ஊற்றி, எத்தனை இறங்கியதோ அத்தனையையே ஊற்றினார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைகளுக்கும் நகர்த்தி, வண்டியை நன்றாகச் சூடேற்றி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கைப் பார்த்தார். எல்லா வண்டிக்கும் இதே முறை பொருந்தாது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்க்கச் சொல்லும் தயாரிப்புகளும் உண்டு, டிப்ஸ்டிக்கே இல்லாதவையும் உண்டு. டிப்ஸ்டிக் இல்லாத கியர்பாக்ஸ் என்றால் ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்த பிறகே இறக்கும் போல்ட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும். இறக்கிவிட்டு, ஊற்ற வழியில்லாமல் ஜாக்கி மேல் நிற்கும் வண்டியைப் போலப் பரிதாபமான காட்சி வேறில்லை.

ஆயில் தேர்வில் ஒரு சிக்கல் இருந்தது. என் காரின் கையேடு டெக்ஸ்ரான் 3 என்ற தரத்துக் கியர்பாக்ஸ் ஆயிலைக் கேட்கிறது. அந்தத் தரத்துக்கு அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்துவந்த உரிமம் 2006-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. இன்று டப்பாவின் மேல் அந்தப் பெயர் இருந்தால் அதற்குப் பின்னால் அவர்களின் சோதனை இல்லை. அதற்கு மாற்றாக அவர்கள் கொண்டுவந்தது டெக்ஸ்ரான் 6. உரிம எண் அச்சிட்ட டெக்ஸ்ரான் 6 டப்பாக்களை நானே வாங்கிச் சென்றேன்; முத்திரையைப் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். பல்சக்கரங்களுக்குப் பதிலாகப் பெல்ட்டால் இயங்கும் சிவிடி வகைக் கியர்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். அதற்குரிய ஆயிலே வேறு, இதை ஊற்றினால் பெல்ட் கெடும்.

மூன்றாம் முறை இறங்கிய ஆயிலில் சிவப்பு தெரிந்தது. காலை உதைப்பு முழுவதும் போகவில்லை. ஊன்றிக் கவனித்தால் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது.

இனி எஞ்சின் ஆயிலுக்கு வருகிறேன். இந்த வேலை ஓர் இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. பழைய வண்டி என்றதும் 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயிலை ஊற்றலாம் என்றார். கையேடு சொல்வது 5டபிள்யூ-30. (முதல் எண் குளிரிலும், அடுத்த எண் சூட்டிலும் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் குறிக்கும்.) கெட்டி ஆயில் புகையையும் சத்தத்தையும் சற்று மறைக்கும் என்பது உண்மையே. ஆனால் காலையில் வண்டியைக் கிளப்பும்போது அது மேலே, வால்வுகளை இயக்கும் டாப்பெட்டுகள் வரை ஏறிச் சேரத் தாமதமாகும். குளிர்ந்த நிலையில் கிளப்பும் அந்தக் கணங்களில் எஞ்சின் கூடுதலாகத் தேய்கிறது. ஆகவே அதே 5டபிள்யூ-30 தரத்தில், அதிகம் ஓடிய எஞ்சின்களுக்கென்றே வரும் ஹை மைலேஜ் ஆயிலைத் தேர்ந்தெடுத்தேன்.

இந்த வகை ஆயிலை 2000-ஆம் ஆண்டில் வால்வோலின் நிறுவனம் முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று அநேகமாக எல்லாப் பெரிய நிறுவனங்களும் விற்கின்றன. வழக்கமான ஆயிலோடு ஒப்பிட்டால் இதில் கூடுதலாக இருப்பது, காய்ந்து சுருங்கிய ரப்பர் சீல்களை லேசாக உப்பவைக்கும் சேர்மானம். 30 தரத்து ஆயிலின் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, 100 டிகிரி செல்சியஸில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (அதை அளக்கும் அலகு) வரை இருக்கலாம். ஹை மைலேஜ் வகைகள் பெரும்பாலும் அந்த வரம்பின் மேல்பக்கத்தை ஒட்டியே இருக்கும். என் வண்டியில் 3,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் குறைந்துகொண்டிருந்தது. இப்போது 4,000 கி.மீ.க்கு ஒரு லிட்டர் குறைகிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எப்போதும் கசியும் ஈரம், இரண்டாயிரம் கி.மீ. ஓடிய பிறகு ஓரளவு காய்ந்திருக்கிறது. வால்வு கவரின் கேஸ்கட் வழியாக வந்த கசிவுக்கு அந்த ஆயிலால் எதுவும் ஆகவில்லை. அது விறைத்து வெடித்த கேஸ்கட்; புதிதாகப் போடுவதைத் தவிர வழியில்லை.

ஆயிலில் குறையில்லை, கைவேலையில்தான் குறை. எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போதே இறக்கியதால் பழைய ஆயில் முழுவதும் வடியவில்லை. கையேட்டின்படி பில்டரோடு சேர்த்து 3.7 லிட்டர் போதும் என்றிருக்க, டப்பாவில் மிச்சம் வைப்பானேன் என்று நினைத்தாரோ என்னவோ, 4 லிட்டரையும் கவிழ்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து சமதரையில் நிறுத்தி, கால்மணி நேரம் கழித்துப் பார்த்தால் மேல் கோட்டுக்கும் ஒரு விரற்கடை உயரத்தில் ஆயில் நிற்கிறது. எஞ்சினின் அடியில் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அந்த ஆயிலை அடித்து நுரையாக்கினால், பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். பேரிங்குகளுக்கு அழுத்தம் குறையும். குறைவாக ஊற்றுவது மட்டுமே கெடுதல் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன். மறுநாள் திரும்பச் சென்று அரை லிட்டர் இறக்கினேன்.

இறக்கும் போல்ட்டின் நசுங்கும் வாசரை அவர் மாற்றவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. முதல் நாள் இரவு வண்டிக்கு அடியில் விரித்திருந்த அட்டையில் விழுந்த மூன்று சொட்டுகளுக்கு அந்தப் பழைய வாசரே காரணம். ஒருமுறை நசுங்கிய வாசர் மறுமுறை அதே போல அடைக்காது; அதை ஈடுகட்டப் போல்ட்டை முறுக்கு முறுக்கென்று முறுக்கினால் ஆயில் தேங்கும் அலுமினியச் சம்ப்பின் மரைதான் போகும். பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கவில்லையா என்பதையும் நான் கேட்ட பிறகே பார்த்தார். எஞ்சினின் உட்புறத்தைக் கழுவும் எஞ்சின் ப்ளஷ் திரவம் ஒன்றையும் விற்கப் பார்த்தார்கள். உள்ளே கசடு இருந்தால் அது கட்டியாகப் பெயர்ந்து ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும் என்பதால் வேண்டாமென்றேன்.

குறையைச் சொன்னபோது அவர்கள் மறுக்கவில்லை. அந்த மூத்த மெக்கானிக்கே புது வாசர் போட்டு, அளவைச் சரிபார்த்து அனுப்பினார். அடுத்த கியர்பாக்ஸ் வேலைக்கும் அவரிடம்தான் போவேன். எஞ்சின் ஆயிலுக்குப் போனால், வண்டியைச் சூடாக ஓட்டிக்கொண்டு போய், ஒரு புது வாசரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டப்பா கவிழும் வரை பக்கத்திலேயே நிற்பதாக இருக்கிறேன்.