பில் எண்ணும் சீக்வென்ஸும்: சில ஆண்டுப் பயன்பாட்டில் அறிந்தவை

மருந்து மொத்த விற்பனைக் கடை ஒன்றின் பில்லிங் மென்பொருளை, ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்த 2017 ஜூலையிலிருந்து நான் பராமரித்து வருகிறேன். ஐந்து கவுன்ட்டர்கள், அவற்றுக்குப் பின்னால் ஒரே போஸ்ட்கிரஸ் தரவுத்தளம். இத்தனை ஆண்டுகளில் என்னை அதிகம் அலைக்கழித்தது பில் எண்தான்.

முதலில், அட்டவணையில் உள்ள மிகப் பெரிய எண்ணைப் படித்து அதனுடன் ஒன்றைக் கூட்டிக்கொண்டிருந்தேன். நான் மட்டும் சோதித்தவரை குறையேதும் தெரியவில்லை. கூட்டம் மிகுந்த ஒரு திங்கட்கிழமை காலையில் 1184 என்ற எண்ணில் இரண்டு கடைகளுக்கு இரண்டு பில்கள் போயிருந்தன. ஒரு கவுன்ட்டரில் எழுதியது கமிட் ஆகும் வரை, அதாவது தரவுத்தளத்தில் உறுதியாகப் பதிவாகும் வரை, மற்றதற்குத் தெரியாது என்பதால், இரண்டும் 1183-ஐயே கடைசி எண்ணாகப் படித்திருந்தன. பில் எண்ணுக்கான நெடுவரிசைக்கு, ஒரே எண் இரண்டு முறை வராமல் தடுக்கும் யூனிக் கட்டுப்பாடு இட்டிருந்தால் இரண்டாவது பில் அங்கேயே நின்றிருக்கும். இடாதது என் தவறு.

அடுத்து, கேட்கும்போதெல்லாம் அடுத்த எண்ணைத் தரும் தரவுத்தள வசதியான சீக்வென்ஸுக்கு மாறினேன். ஒரே எண் இருவருக்குப் போகவில்லை, யாரும் யாருக்காகவும் காத்திருக்கவுமில்லை. ஆனால் சீக்வென்ஸ் கொடுத்த எண்ணைத் திரும்ப வாங்கிக்கொள்வதில்லை. இருப்பு போதாமல் பில் ரோல்பேக் ஆனாலும் (எழுதியது கைவிடப்பட்டாலும்) அந்த எண் போனது போனதுதான். சர்வர் திடீரென நின்று எழுந்தால் 32 எண்கள் வரைகூடத் தாவிவிடும். காத்திருப்பைத் தவிர்ப்பதற்காகவே அது அப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஜிஎஸ்டி விதி 46-ஓ, 16 எழுத்துகளுக்கு மிகாத, நிதியாண்டுக்குள் தனித்தன்மையுள்ள தொடர் வரிசை எண்ணைக் கேட்கிறது. விடுபட்ட பில்கள் எங்கே என்று ஆடிட்டர் கேட்டபோது என்னிடம் காட்ட எதுவுமில்லை.

ஆகவே பில் எண்ணுக்கென்று தனி அட்டவணை வைத்தேன்: தொடரின் முன்னொட்டு, நிதியாண்டு, கடைசி எண். ஒரே அப்டேட் கட்டளை எண்ணைக் கூட்டி, ரிட்டர்னிங் என்ற அதன் பகுதி வழியாகப் புது எண்ணைத் தந்துவிடும். அட்டவணையின் அந்த வரி கமிட் வரை பூட்டப்பட்டிருப்பதால் எண் இரட்டிப்பதில்லை; ரோல்பேக் ஆனால் எண்ணும் பழைய நிலைக்கே திரும்புகிறது.

இதற்கான விலை காத்திருப்பு. அச்சிடுவதையும், மொத்தமாகக் கமிட் அல்லது ரோல்பேக் ஆகும் வேலைத்தொகுப்பான அதே டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்திருந்ததால், ஒரு நாள் முதல் கவுன்ட்டரின் பிரிண்டரில் தாள் தீர்ந்ததும் மற்ற நான்கு திரைகளும் அசையாமல் நின்றன. தாளைச் செருகியதும் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. அன்று மாலையே, சரக்குச் சோதனையும் வரிக் கணக்கும் முடிந்த பிறகு கடைசிப் படியாக எண் எடுத்து, கமிட் ஆன பின்பே அச்சிடும்படி மாற்றினேன். ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்களை விதியே அனுமதிப்பதால், பின்னர் கவுன்ட்டருக்கு ஒரு முன்னொட்டு கொடுத்தேன், நெரிசலும் தீர்ந்தது. ரத்தாகும் பில்லை இப்போது அழிப்பதில்லை, ரத்து என்று குறித்து அப்படியே வைக்கிறோம்.

சீக்வென்ஸை நான் கைவிட்டுவிடவில்லை. அட்டவணைகளின் உள் அடையாள எண்களை இன்றும் அதுதான் தருகிறது. அங்கே இடைவெளி யாரையும் பாதிப்பதில்லை. அந்த நெடுவரிசைகளை மட்டும் பெரிய முழு எண்களுக்கான பிக்இன்ட் வகையில் வைத்திருக்கிறேன், ஏனெனில் சாதாரண இன்டிஜர் 2,147,483,647-உடன் முடிந்துவிடும்.

ஏப்ரல் 1 காலையில், ஒரே முன்னொட்டில் பில் போடும் இருவர் புது நிதியாண்டுக்கான அட்டவணை வரியை ஒரே நொடியில் உருவாக்க முயலக்கூடும். புது வரியைச் சேர்க்கும் அந்த இன்சர்ட் கட்டளையில், வரி ஏற்கெனவே இருந்தால் அதன் எண்ணையே கூட்டும்படி ஆன் கான்ஃபிளிக்ட் சேர்த்திருக்கிறேன். முந்தியவர் 1 பெறுகிறார், அடுத்தவர் கணநேரம் காத்திருந்து 2 பெறுகிறார்.