க்யூஎன்எம்: கருந்துளையைச் சுண்டிப் பார்க்க ஒரு பைத்தான் தொகுப்பு

மண்பானை வாங்கும்போது விரலால் சுண்டி ஓசை கேட்போமே, அந்த வேலையைக் கருந்துளைக்குச் செய்து தரும் இலவசத் தொகுப்பு இது. லியோ ஸ்டைன் எழுதி 2019-இல் வெளியிட்டார். ஒரு வருடமாக என் பழைய லேப்டாப்பில் ஓடுகிறது.

இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானதும், மிஞ்சியது சிறிது நேரம் அதிர்ந்து அடங்கும். இந்த அடங்கும் அதிர்வுக்குத்தான் குவாசிநார்மல் மோட், சுருக்கமாக க்யூஎன்எம், என்று பெயர். பொதுச் சார்பியல் சரியென்றால், அந்த அதிர்வெண்ணும் அடங்கும் வேகமும் நிறையையும் சுழற்சியையும் மட்டுமே பொறுத்தவை. சுழற்சி 0.68 (உச்சம் 1) என்று கொடுத்தேன். மெய்ப்பகுதி 0.5240, கற்பனைப்பகுதி −0.0815 என்று வந்தது. முன்னது அதிர்வெண், பின்னது அடங்கும் வேகம். முதல் தடவை கம்பைல் ஆகும்வரை காக்க வைக்கும். அப்புறம் கண்மூடித் திறப்பதற்குள் விடை.

ஆனால் விடை நிறையின் அலகில்தான் வரும், ஹெர்ட்ஸாக மாற்றுவது நம் பாடு. 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ என்ற கருவி பிடித்த ஈர்ப்பலைக்கு 62 சூரிய நிறை என்று போட்டு, 273 ஹெர்ட்ஸ் வந்து, பாதி ராத்திரி விழித்தேன். பிரபஞ்ச விரிவால் நம் கருவிக்கு அது 68 போலத் தெரியும் என்பதை மறந்திருக்கிறேன். திருத்தினால் 250 ஹெர்ட்ஸ், அடங்கும் நேரம் 4 மில்லி விநாடி. சரியாக உட்கார்ந்தது.

என் வேலை, ஈர்ப்புக் கோட்பாட்டை மாற்றினால் ஓசை எப்படி மாறும் என்பது. அதற்கு இதில் விடை கிடையாது. சுழலும் கருந்துளையின் அதிர்வை விவரிக்கும் டியூகோல்ஸ்கி சமன்பாடு ஆரம், கோணம் என அழகாகப் பிரிவதை வைத்துத்தான் இது ஓடுகிறது. கோட்பாட்டில் கைவைத்தால் பொதுவாக அந்த வசதி போய்விடும். குறை சொல்லவில்லை, தருவதாக ஸ்டைன் சொல்லவே இல்லையே. சுழலாத கருந்துளையின் இருவகை அதிர்வுகளுக்கும் ஒரே ஓசைதான் என்று 1975-இல் நம் சந்திரசேகரும் டெட்வைலரும் காட்டினார்கள். பொதுச் சார்பியலை மாற்றியமைக்கும் டைனமிக் செர்ன்–சைமன்ஸ் கோட்பாட்டில் ஒருவகை அப்படியே நிற்க, மற்றது அக்கோட்பாடு கூடுதலாகச் சேர்க்கும் ஸ்கேலார் புலத்தோடு பிணைந்து விலகிவிடும். அந்த விலகலைத் தேட என் நிரலுக்கு ஒரு தொடக்கப்புள்ளி வேண்டும். சுழலாத கருந்துளைக்கான 0.3737, −0.0890 என்ற விடையை இதிலிருந்து எடுத்து, பிணைப்பைத் துளித்துளியாகக் கூட்டுகிறேன். குத்துமதிப்பாகத் தொடங்கிய நாட்களில் நிரல் வேறேதோ ஓவர்டோனில், அதாவது இன்னும் வேகமாக அடங்கும் வேறோர் அதிர்வில், போய் ஒட்டிக்கொள்ளும்.

ஐந்துக்கு நாலரை தருவேன். நிறுவியதும் முன்பே கணக்கிட்ட விடைகளை இறக்கித் தரும் டவுன்லோட் டேட்டா கட்டளையை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். கையேட்டைப் படிக்காத நான் அதை விட்டுவிட்டு, தொகுப்பு மந்தம் என்று ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன்.