பழைய ஒப்டிப்ளெக்ஸா, புது ரைசனா? விண்டோசா, மின்டா?

கணினிப் பெட்டியை வாங்கிவிட்டு, அதற்குள் எதைப் போடலாம் என்று யோசிப்பதுதான் நம்மூர் வழக்கம். 2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு நின்றதோடு அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. எந்த இயங்குதளம், விண்டோசா, இலவசமான லினக்ஸ் மின்டா என்று முடிவெடுத்த பிறகுதான் கடைக்கு இறங்க வேண்டும். ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்து கொழும்புக்குப் போய் வாங்குகிறவர்கள் இதை இரண்டு தடவை யோசிக்கலாம். பிழையான பெட்டியை மாற்றப் போனால் இன்னொரு முழு நாளும் பஸ் காசும் போகும்.

பாவித்த ஆபீஸ் மெஷின்

டெல் ஒப்டிப்ளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் எல்லாம் கடையில் ஒரே மாதிரிக் கறுப்புப் பெட்டிகளாக அடுக்கியிருக்கும். விலைச் சீட்டில் 'ஐ5, 8ஜிபி' என்று மட்டும் இருக்கும். 'ஐ5' என்ற புரொசசர் பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதற்குப் பின்னால் வரும் நான்கு இலக்கத்தில் முதல் இலக்கத்தைப் பாருங்கள், அதுதான் தலைமுறை. ஐ5-7500 நான்கு கோர் கொண்டது, விண்டோஸ் 11 அதை ஏற்காது. ஐ5-8500 ஆறு கோர் கொண்டது, ஏற்கும். ஒப்டிப்ளெக்ஸில் 7050 என்றால் 6 அல்லது 7ஆம் தலைமுறை, 7060 என்றால் 8ஆம் தலைமுறை. "இப்போது 7500-ஐ எடுங்கள், பிறகு 8500 வாங்கி மாட்டலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டுக்கும் சொக்கெட் எல்ஜிஏ 1151 என்பதால் உட்காரும், ஆனால் பழைய மதர்போர்டின் சிப்செட்டில் ஓடாது.

கடையிலேயே மெஷினைப் போட்டுப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் புரொசசரின் முழுப் பெயர் இருக்கும். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தையும் திறவுங்கள். டிஜிட்டல் லைசன்சுடன் ஆக்டிவேட் ஆகியிருந்தால், அதே பதிப்பை மறுபடி போடும்போது இணையத்தில் இணைந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். தனியாக மலிவு 'கீ' வாங்கத் தேவையில்லை.

இந்த மெஷின்களின் பெரிய பலவீனம் பவர் சப்ளை. டெல் மதர்போர்டில் சாதாரண 24 முள் இணைப்பு இல்லை. சப்ளை போனால் நுவரெலியா டவுனில் கிடைக்கும் எந்த ஏடிஎக்ஸ் சப்ளையும் நேராகப் பொருந்தாது. சின்னப் பெட்டி வகையான எஸ்எஃப்எஃப்-இல் இன்னொரு தொல்லை, அரை உயரக் கிராஃபிக்ஸ் கார்ட் மட்டும்தான் போகும். இடம் இருந்தால் டவர் வகையையே எடுங்கள்.

பழைய மெஷின் வீட்டுக்கு வந்து படம் வராமல் பீப் அடித்தால் உடனே திருப்பி ஏற்ற வேண்டாம். மலைப் பாதையில் குலுங்கி வந்ததில் ராம் கொஞ்சம் எழும்பியிருக்கும், இல்லாவிட்டால் ஈரத்தில் அதன் முனை மங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றி, ராமை எடுத்து, தங்க நிற முனைகளைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டு, இரு பக்கமும் 'டிக்' சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். பாதிப் பேருக்குக் கதை அதோடு முடிந்துவிடும்.

புதிதாகக் கட்டுவது

சிக்கனமான ஒரு கூட்டு: ரைசன் 5 5600ஜி புரொசசர், பி550 அல்லது ஏ520 மதர்போர்ட், 8ஜிபி டிடிஆர்4-3200 ராம் இரண்டு, 500ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்), நம்பகமான 450 வாட் சப்ளை. கேசுடன் இலவசமாக வரும் சப்ளையை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள்.

பெயரில் உள்ள 'ஜி' முக்கியம். வெறும் 5600-க்குள் கிராஃபிக்ஸ் இல்லை, தனிக் கார்ட் இல்லாமல் திரை கறுப்பாகவே இருக்கும். இன்டெல் பக்கம் போனால் ஐ3-12100 நல்ல தெரிவு, ஆனால் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் அதே கதை. ராமை 16ஜிபி ஒற்றைத் துண்டாக வாங்கவும் கூடாது. உள்ளிருக்கும் கிராஃபிக்ஸ் ராமைத்தான் கடன் வாங்குகிறது, ஒற்றைத் துண்டில் அந்தப் பாதை பாதியாகிவிடும்.

புதியதன் நன்மை வேகம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். எந்தப் பாகம் போனாலும் டவுன் கடையில் மாற்று கிடைக்கும். ஆனால் நாலு பாகம் நாலு கடையில் வாங்கினால் நாலு வாரண்டிச் சீட்டு. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எடுப்பது, சில ஆயிரம் கூடினாலும், மலையேறி இறங்கும் அலைச்சலைக் குறைக்கும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறியதும் தராசைப் பழைய மெஷின் பக்கம் சாய்க்கிறது. அதில் ராம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறதே.

பிள்ளைகளின் படிப்பு, சூம் வகுப்பு, கடிதம், கணக்கு என்றால் 8500-ம் 16ஜிபி ராமும் ஒரு எஸ்எஸ்டியும் தாராளம். வீடியோ எடிட்டிங், கேம் என்றால் மட்டும் புதியது.

இரண்டுக்கும் பொது எதிரி

லயத்து வீடுகளில் இரண்டு முள் அடப்டரில் பெட்டியைச் செருகினால், கேசைத் தொடும்போது சுருசுரு என்று இழுக்கும். பெட்டி பழுது இல்லை. சப்ளைக்குள் இருக்கும் வடிகட்டிக்கு ஏர்த் கிடைக்காமல், அந்தக் கசிவு கேசில் நிற்கிறது. மூன்று முள் 13 ஆம்பியர் பிளக்கும் உண்மையாகவே மண்ணுக்குப் போகும் ஏர்த்தும் வேண்டும். 650விஏ யூபிஎஸ் ஒன்று, புது பேட்டரி என்றால், இந்த மெஷினையும் மொனிட்டரையும் பத்து நிமிஷம் தாங்கும். லேசர் பிரின்டரை மட்டும் அதில் செருகாதீர்கள்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கோடு ரவுட்டரிலிருந்து வரும் லான் வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் மதர்போர்டுக்கு வரும். ஒரு பக்க விளைவும் உண்டு. நெடுநாள் பிளக் கழற்றியே கிடந்தால் உள்ளிருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி சீக்கிரம் தீரும். திகதி பல வருஷம் பின்னால் போய், ஒவ்வொரு இணையத்தளமும் 'பாதுகாப்பற்றது' என்று கத்தும். வைரஸ் என்று பயந்து ஃபோர்மட் அடிப்பவர்கள் உண்டு. பேட்டரியை மாற்றி, திகதியைச் சரியாக வைத்தாலே போதும்.

விண்டோஸ் 11, லினக்ஸ் மின்ட் 22

8ஆம் தலைமுறையும் அதற்கு மேலும் என்றால் விண்டோஸ் 11. கெனனின் பழைய எல்பிபி லேசர் பிரின்டர், வேலோரன்ட் கேம், எம்எஸ் ஆபீஸ் மக்ரோ இருக்கிற வீட்டில், மின்டில் இவற்றை நம்ப முடியாது என்பதால், வேறு பேச்சே இல்லை. தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் உள்ளேயே இருக்கின்றன. ஃபோன் டேட்டாவில் ஓடுகிறதென்றால் முதல் நாளே அந்த வைஃபையை 'மீட்டர்ட்' (அளவான டேட்டா) என்று குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அப்டேட்டே டேட்டாவைக் குடித்துவிடும்.

6, 7ஆம் தலைமுறையில் ரூஃபஸ் என்ற கருவி கொண்டு தடையைத் தாண்டி விண்டோஸ் 11 போடலாம், ஓடும். ஆனால் வருடாந்தரப் பெரிய அப்டேட் தானாக வரும் என்று நம்ப முடியாது. ஒவ்வொரு தடவையும் 5ஜிபிக்கு மேல் இறக்க வேண்டிவரும். விண்டோஸ் 10-க்கான நீட்டித்த பாதுகாப்பும் வீட்டுக் கணினிகளுக்கு 2026 ஒக்டோபர் வரைதான். இந்த மெஷின்களுக்கு மின்ட் 22 நேர்மையான வழி, 2029 வரை ஆதரவு. உயர்தர ஐசிடி பாடத்துக்குத் தேவையான பைதன் அதில் ஏற்கெனவே இருக்கிறது. தமிழுக்கு ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டையும் சேர்த்தால் தமிழ்99-உடன் இலங்கை ரெங்கநாதன் விசைப்பலகையும் வரும். பழைய வினாத்தாள்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தால் அந்த எழுத்துரு ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து நிறுவுங்கள், லிப்ரே ஆபீசில் தமிழாகவே திறக்கும்.

நிறுவுமுன் மின்டைப் பென் டிரைவிலிருந்தே ஓடவிட்டு வைஃபை, சத்தம், பிரின்டர் மூன்றையும் பாருங்கள். மலிவு வைஃபை டொங்கிள் பிடிக்காவிட்டால் ஃபோனை யூஎஸ்பி வயரில் மாட்டி டெதரிங் போடுங்கள், பெரும்பாலும் டிரைவர் கேட்காது. டெல்லில் ஹார்ட் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயோசில் (தொடக்க அமைப்புப் பக்கம்) சாட்டா (டிஸ்க் இணைப்பு) 'ரெய்ட் ஒன்' என்று இருக்கும், அதை 'ஏஎச்சிஐ' ஆக்க வேண்டும். விண்டோசையும் வைத்துக்கொள்வதென்றால் முதலில் அதைச் சேஃப் மோடில் தொடங்கும்படி வைத்து, அந்த ரீஸ்டார்ட்டிலேயே இதை மாற்றுங்கள். நேரடியாக மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நிற்கும். பிட்லொக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் வசதி) போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைக் கொப்பியில் எழுதிய பிறகே கை வையுங்கள்.

இரண்டையும் ஒரே மெஷினில் வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பிந்தி ஓடும். மின்ட் உள்கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே இலங்கை நேரமாக வாசிக்கிறது. மின்டை உள்ளூர் நேரத்தில் எழுதச் சொல்லிவிட்டால் சரி. கூடவே விண்டோசின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிறுத்துங்கள். அது இயக்கத்தில் இருக்கும்வரை விண்டோஸ் பாகத்தை மின்ட் வாசிக்க மட்டுமே விடும், அதில் எதையும் சேமிக்க முடியாது.