பாட்டி வளர்க்கும் பிள்ளைக்கு எந்தக் காகிதம்?

அப்பா, அம்மா இருவரும் போய்விட்டால் நம் ஊரில் பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி யோசனைதான். காரியம் முடிவதற்குள் பாட்டியோ சித்தியோ "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிடுவார். அதன் பிறகுதான் ஆளுக்கொரு யோசனை வரும். "முறைப்படி தத்து எடுத்துடுங்க" என்பார் ஒருவர். "கோர்ட்டுல கார்டியன் ஆர்டர் வாங்கு" என்பார் இன்னொருவர். "மாசாமாசம் அரசாங்கம் பணம் தருதாம், அதுக்கு எழுதிப் போடு" என்பார் மூன்றாமவர். மூன்றும் ஒன்றுதான் என்ற நினைப்பில் பலர் ஏதோ ஒன்றைச் செய்கிறார்கள், அல்லது எதையுமே செய்யாமல் விட்டுவிடுகிறார்கள்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளர்ப்பது தாத்தா பாட்டி என்றால் பாதுகாவலர் உத்தரவும் மாத உதவித்தொகையும் போதும். பிள்ளை சின்னது, வளர்ப்பவர்கள் இளம் வயதுச் சித்தப்பா சித்தி என்றால் தத்து நல்லது. ஏன் என்று பார்ப்போம்.

காகிதமே இல்லாமல் வளர்ப்பது

பள்ளிக்கூடம், ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரி வரை இது ஓடும். வில்லங்கம் சொத்தில்தான் ஆரம்பிக்கும். 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, நடைமுறையில் பிள்ளையை வளர்ப்பவர் என்ற ஒரே காரணத்துக்காக யாரும் மைனரின் சொத்தைக் கையாள முடியாது என்கிறது. பத்து வருடம் சோறு போட்ட பாட்டியாக இருந்தாலும் இறந்த மகன் பெயரில் இருக்கும் மனையில் பேரன் பங்கைத் தொட முடியாது. பெற்றோர் சாலை விபத்தில் இறந்திருந்தால் இழப்பீட்டில் பிள்ளையின் பங்கை மேஜராகும் வரை வங்கியில் வைப்பாகப் போடச் சொல்வது தீர்ப்பாயங்களின் வழக்கம். அதிலிருந்து படிப்புச் செலவுக்கு எடுக்க வேண்டுமானால் ‘நீங்கள் யார்?’ என்ற கேள்வி வரும். பாஸ்போர்ட்டுக்குப் போனாலும் இதே கேள்விதான்.

மாதப் பணம்

இதற்குத் தத்தும் வேண்டாம், நீதிமன்றமும் வேண்டாம். பலருக்கு இது தெரிவதில்லை. பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உண்டு. ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதாவது நகரத்தில் மாதம் 8,000. அந்த வருமானத்தில் ஒரு குடும்பம் எப்படி வாடகை கொடுத்து வாழும் என்று விதியை எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் தொகை பாதிதான், மாதம் 2,000 ரூபாய், 18 வயது வரை. பெற்றோர் இருவரையும் இழந்தவர்களோடு, ஒருவர் இறந்து மற்றவர் வளர்க்க இயலாத நிலையில் இருக்கும் பிள்ளைகளையும் அது கணக்கில் எடுத்தது. கொரோனாவில் இருவரையும் இழந்தவர்களுக்கு 2021-இல் வந்த ஏற்பாடு தனி: மாநில அரசு பிள்ளையின் பெயரில் 5 லட்சம் வைப்பு வைத்தது, உறவினர் வீட்டில் வளர்ந்தால் மாதம் 3,000 என்றது.

இவற்றுக்கெல்லாம் போக வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் 1098-க்குப் போன் செய்து கேட்கலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இந்தப் பணம் வாங்குவதால் உங்களுக்குச் சட்ட உரிமை எதுவும் வந்துவிடாது.

பாதுகாவலர் உத்தரவு

இதற்கு அடிப்படை 1890-ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தது என்றாலும் இன்றும் பாட்டிகளுக்கு இதுதான் சரியான வழி. எந்த மதத்தவரும் மாவட்ட நீதிமன்றத்திலோ குடும்ப நல நீதிமன்றத்திலோ மனுப் போடலாம். உத்தரவு கிடைத்தால் பிள்ளைக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரம் வரும். பிள்ளையின் அப்பா பெயர், இனிஷியல் எதுவும் மாறாது. பெற்றோர் இல்லாத பிள்ளை என்ற நிலையும் மாறாது என்பதால் மேலே சொன்ன உதவிக்குச் சிக்கல் இல்லை.

குறைகளும் உண்டு. பிள்ளையின் நிலத்தையோ வீட்டையோ விற்க, அடமானம் வைக்க, ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விட மறுபடியும் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். (பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் இது குறையே அல்ல.) 18 வயதோடு உத்தரவு முடிந்துவிடும். வளர்ப்பவரின் சொத்தில் பிள்ளைக்குத் தானாக எந்தப் பங்கும் வராது, உயில்தான் எழுத வேண்டும்.

தத்து: பத்திரமா, கலெக்டரா?

பெரும்பாலான குழப்பம் இங்கேதான். இரண்டு பாதைகள் இருக்கின்றன.

ஒன்று, 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டப்படி பத்திரப் பதிவு. இந்துக்களுக்கும் பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் மட்டுமே. பிள்ளை 15 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஏற்கெனவே மகனோ மகன் வழிப் பேரனோ இருப்பவர் பையனைத் தத்தெடுக்க முடியாது. மகளோ மகன் வழிப் பேத்தியோ இருப்பவர் பெண்ணைத் தத்தெடுக்க முடியாது. ஆக, தனக்கொரு மகன் இருக்கும் சித்தப்பா, அண்ணன் மகனைப் பத்திரம் மூலம் தத்தெடுத்தால் அது செல்லாது. இன்னொரு பொறி, தத்துக் கொடுப்பது யார் என்பது. பெற்றோர் இருவரும் இல்லாதபோது பாட்டி தன்னிச்சையாகக் கொடுக்க முடியாது. பாதுகாவலர், நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுத்தான் கொடுக்கலாம். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கி பீரோவில் வைத்திருக்கும் ‘தத்துப் பத்திரங்கள்’ எத்தனையோ இதனால்தான் பின்னால் காலை வாருகின்றன.

மற்றது, 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி உறவினர் தத்து. மதம் தடையில்லை. 2014-இல் உச்ச நீதிமன்றமும், எந்த மதத்தவரும் அப்போதிருந்த இளைஞர் நீதிச் சட்டப்படி தத்தெடுக்கலாம் என்பதை உறுதி செய்தது. வீட்டில் மகன் இருக்கிறானா மகள் இருக்கிறாளா என்பது இங்கே தடையில்லை. தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் காரா (CARA) அமைப்பின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பெற்றோர் உயிரோடு இல்லையென்றால் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதி வேண்டும். ஐந்து வயது ஆன பிள்ளையின் சம்மதத்தையும் கேட்பார்கள். 2022 செப்டம்பரிலிருந்து இறுதி உத்தரவு போடுபவர் மாவட்ட ஆட்சியர். முன்பின் தெரியாத குழந்தையைத் தத்தெடுக்கக் காத்திருப்பவர்களுக்குக் கைக்குழந்தை கிடைக்க மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. உறவினருக்கு அந்த வரிசையும் வயது வரம்பும் கிடையாது.

ஆனால் ‘உறவினர்’ என்று சட்டம் சொல்வது பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, இரு பக்கத் தாத்தா பாட்டி ஆகியோரை மட்டும். தம்பியை வளர்க்கும் அக்கா இதில் வர மாட்டாள். அவளுக்குப் பாதுகாவலர் உத்தரவுதான் வழி.

எந்தப் பாதையில் போனாலும் தத்து பிள்ளையைப் பிறந்த வீட்டிலிருந்து சட்டப்படி பிரித்துவிடும். இறந்த அப்பாவிடமிருந்து ஏற்கெனவே வந்து சேர்ந்த பங்கு போகாது. அந்தப் பயம் தேவையில்லை. பறிபோவது இனிமேல் வரக்கூடியது. அப்பா வழித் தாத்தா உயிரோடு இருக்கிறார், தன் பெயரில் நாலு ஏக்கர் வைத்திருக்கிறார் என்று வையுங்கள். அம்மாவின் தங்கை பிள்ளையைத் தத்தெடுத்துவிட்டால், நாளைக்குத் தாத்தா உயில் எழுதாமல் இறக்கும்போது அந்தப் பேரன் வாரிசு அல்ல. தத்துக்கு அவசரப்படுத்தும் சில சொந்தக்காரர்களின் மனசில் இந்தக் கணக்கு ஓடாமல் இருக்காது. அதோடு பெற்றோரை இழந்த பிள்ளை என்று சொல்லி மாத உதவி கேட்கவும் முடியாது. சட்டத்தின் கண்ணில் அதற்கு இப்போது அப்பா, அம்மா இருக்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும், இரண்டு வயதுக் குழந்தையை வளர்க்கும் முப்பது வயதுத் தம்பதிக்குத் தத்தைத்தான் சொல்வேன். ஸ்கூல் படிவத்தில் ஆரம்பித்து வாரிசுச் சான்றிதழ் வரை அந்தப் பிள்ளை சொந்தப் பிள்ளையாகவே நிற்கும். பின்னால் அந்தத் தம்பதிக்கே குழந்தை பிறந்தாலும் இதன் உரிமை குறையாது.

வளர்ப்புப் பராமரிப்பு

ஃபாஸ்டர் கேர் என்று சொல்லப்படும் இது பெரும்பாலும் சொந்தமில்லாத குடும்பங்களுக்கானது. இல்லத்தில் இருக்கும் ஆறு வயதுக்கு மேற்பட்ட, தத்துக்குப் போக வாய்ப்பில்லாத பிள்ளையை வீட்டில் வைத்து வளர்ப்பது. இதற்கும் மாதம் 4,000 ரூபாய். 2024 வழிகாட்டுதல்கள், 35 வயதைத் தாண்டிய தனி நபர்களும் விண்ணப்பிக்கலாம் என்றன. இரண்டு வருடம் வளர்த்த பிறகு அதே பிள்ளையைத் தத்தெடுக்கவும் வழி திறந்தன. முன்பு இது ஐந்து வருடம். உறவினர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றுமில்லை.

பாதுகாவலர் மனு போடப்போகும் பாட்டிகளுக்கு ஒரு விஷயம். பாதுகாவலர் இறந்தால் அந்த அதிகாரமும் அன்றே முடிந்துவிடும். பெற்றோர் உயில் மூலம் பிள்ளைக்குப் பாதுகாவலரை நியமிக்கலாம். பாட்டிக்கு அந்த உரிமை இல்லை. எனவே பாட்டிக்கு எழுபது, பேத்திக்கு ஆறு என்றால், சித்தியையோ மாமாவையோ சேர்த்துக் கூட்டுப் பாதுகாவலராகக் கேட்க முடியுமா என்று மனு எழுதும்போதே வக்கீலிடம் பேசிவிடுங்கள்.